அய்யனார் புரவிக்கு அலுமினியத் தண்டு

அழகுசுந்தரத்துக்குப் பிறப்பிலேயே இரண்டு சொத்துகள் வாய்த்தன. ஒன்று, நெடுங்கண்மாயில் முக்கால் ஏக்கர் வானம் பார்த்த வயல். இன்னொன்று, அய்யனார் புரவியைத் தூக்கும் வலது தண்டின் முனையில் ஒரு முழ இடம். வயலுக்குப் பட்டா இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சண்டை போட்டதில்லை. தண்டு முனைக்குப் பட்டா கிடையாது. அதனால் மூன்று தலைமுறையாகப் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நிற்பதும் தொடங்குவதுமாக இருந்து வருகிறது.

நெடுங்கண்மாய், புதுவயலுக்குத் தெற்கே, இரண்டு மினி பஸ்ஸும் ஒரு அரிசி ஆலையும் உள்ள ஊர். ஆனி மாதம் அங்கே புரவியெடுப்பு. குயவர் வேளார் செய்து தரும் மண்குதிரையை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நிறுத்திக் கண் திறந்து, ஒரு சட்டத்தின் மேல் ஏற்றி, பதினாறு பேர் தோளில் சுமந்துபோய்க் கண்மாய்க்கரை அய்யனார் கோவிலில் சேர்ப்பார்கள். சட்டத்துக்கு நீளவாக்கில் இரண்டு தண்டு. ஒவ்வொரு தண்டிலும் குதிரைக்கு முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். இந்தப் பதினாறு இடமும் பதினாறு வீட்டு உரிமை. தூக்குகிறவருடைய உயரம், பருமன், வயது, ரத்தக்கொதிப்பு எதையும் முறை விசாரிக்காது. எந்த வீடு என்று மட்டும் கேட்கும்.

வலது தண்டில் முதல் தோள் அழகுசுந்தரம் வீடு. இரண்டாம் தோள் அவருடைய சித்தப்பா மகன் முத்தரசு வீடு. முத்தரசு புதுவயல் ரோட்டில் ஹாலோபிளாக் கல் போடுகிறவர். அண்ணனைவிட மூன்று வயது இளையவர், நாலு விரல் உயரமானவர், குரலில் நாற்பது மடங்கு பெரியவர். முப்பது வருடமாக இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லி, சாமியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

முறையில் ஒரு சின்ன விதி உண்டு. ஒரு வீடு ஒரு வருடம் தோள் கொடுக்கத் தவறினால் அந்த இடம் அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். மகன் இருந்தால் மகன் கொடுக்கலாம். அழகுசுந்தரத்துக்கு ஒரே மகள், கிருத்திகா. கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் வேறு ஊர், வேறு சாமி.

இப்படியாகப்பட்ட அழகுசுந்தரத்தின் வலது தோள், போன ஐப்பசியில் கிழிந்தது.

அவருக்கு உத்தியோகம் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில். வார்ப்புக்கூடத்தின் லேப் அசிஸ்டென்ட். உருகிய அலுமினியம் நிறைந்த மூசையை இடுக்கியால் அடுப்பிலிருந்து தூக்கும்போது, தோளுக்குள்ளே பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூசையைச் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் கத்தினார். இருபத்தாறு வருட அனுபவம் என்பது அதுதான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. இனிமே இந்தத் தோள்ல பத்துக் கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது."

"வருசத்துல ஒரே ஒரு நாள் மட்டும் சார்?"

"அன்னைக்கு என்ன?"

"சாமி தூக்கணும்."

"சாமி பத்துக் கிலோன்னாத் தூக்குங்க."

அய்யனார் பத்துக் கிலோ இல்லை. குதிரை இருநூற்றைம்பது கிலோ. வேங்கைமரத் தண்டுகளும் இரும்புப் பட்டையும் சேர்ந்த சட்டம் இருநூற்று முப்பது. பதினாறால் வகுத்தால் தோளுக்கு முப்பது. தோளை மாற்றிக்கொள்ளலாமே என்றால், வலது தண்டுக்கு எல்லோரும் வலது தோளைத்தான் கொடுக்க வேண்டும். கோவில் வாசல் வரை மாற்றக்கூடாது. இந்த விதியைப் போன தலைமுறையில் வலியுறுத்திக் கொண்டுவந்தவர் அழகுசுந்தரத்தின் சொந்த அப்பா. முத்தரசின் அப்பாவுக்கு வலது தோளில் கட்டி வந்திருந்த வருடம் அது.

கிழிசல் விஷயத்தை அவர் மனைவி ஈஸ்வரியிடம் மட்டும் சொன்னார்.

"அப்ப இந்த வருசம் முத்தரசு தம்பி தூக்கட்டும். என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் ஈஸ்வரி.

அழகுசுந்தரம் அவளைப் பார்த்த பார்வையில் மூன்று தலைமுறை இருந்தது. ஈஸ்வரி நொச்சி இலையைக் கொதிக்கவைக்கப் போனாள்.

இந்த இடத்தில் கல்லூரியில் நடந்துகொண்டிருந்த விஞ்ஞானத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுமினியம் நல்ல உலோகம், லேசு. ஆனால் லேசானவர்களுக்கு உள்ள குணம் அதற்கும் உண்டு: கொஞ்சம் அழுத்தினால் வளைந்து கொடுத்துவிடும். அதற்கு வைராக்கியம் ஏற்ற வேண்டுமென்றால், உருகியிருக்கும்போதே உள்ளே கடினமான பொடியையோ உறுதியான இழையையோ கலந்து வார்க்க வேண்டும். பணக்கார நாடுகளில் இதற்கென்று விலைகூடிய பொடிகள் இருக்கின்றன. துறைத் தலைவர் நாகநாதனும், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் சத்தியப்பிரியாவும், புதுவயலில் விலையே இல்லாத ஒரு பொடியைக் கண்டுகொண்டார்கள். அரிசி ஆலைகள் உமியை எரித்தபின் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தவிக்கும் சாம்பல். நன்றாக வெந்து வெளுத்த உமிச்சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. கண்ணாடிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இழைக்கு, எரிமலைக் கருங்கல்லை உருக்கி மயிரிழையாக இழுத்த கல்நூல் ஒரு பார்சலில் வந்தது. அதைக் கத்தரித்து அரிசிக் குறுணை நீளத்துக்கு ஆக்க வேண்டும்.

கண்டுகொண்டது அவர்கள், கிண்டியது அழகுசுந்தரம். தோள் கிழிவதற்கு முன்பே தொடங்கி எட்டு மாதம் கிண்டினார். சாம்பல் உலோகத்தில் இறங்கவே இல்லை. மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி மேலாக மிதந்தது. அழுத்தினால் கட்டி கட்டியாகத் திரண்டது. வார்த்த கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டை.

வீட்டில் ஒருநாள் உளுந்தங்களி தின்றுகொண்டே இதைப் புலம்பினார்.

"சாம்பலை எப்பிடிப் போடுறீக?" என்றாள் ஈஸ்வரி.

"டப்பாவோட கொட்டுறதுதான்."

"வெளங்கும். மாவை வறுக்காமக் கொட்டுனாக் கட்டி தட்டாம என்ன செய்யும்? முதல்ல வறுக்கணும். அப்பறம் தண்ணி சுத்திக்கிட்டு இருக்கையில அந்தக் குழியில கொஞ்சங் கொஞ்சமாத் தூவணும். ஒரு கரண்டி எண்ணெயும் விடணும். இதைப் படிக்கிறதுக்கா அம்புட்டுப் பெரிய கட்டடம் கட்டி வச்சிருக்காக?"

மறுநாள் சாம்பலைத் தட்டில் பரப்பி ஈரம் போக வறுத்தார்கள். உலோகத்தைச் சுழலவிட்டு, நடுவில் விழும் குழியில் தூவினார்கள். எண்ணெய்க்குப் பதிலாகச் சத்தியப்பிரியா துளி மெக்னீசியம் சேர்த்தாள். சாம்பல் சாதுவாக உள்ளே இறங்கிப் பரவிக்கொண்டது. மூன்று மாதத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஐந்து ஆசிரியர்கள், அதில் ஒருவர் வார்ப்புக்கூடம் எந்தப் பக்கம் என்று இன்றுவரை கேட்டதில்லை. கடைசி வரியில், "கருவிகளுக்கும் ஆய்வக உதவியாளருக்கும் நன்றி" என்று இருந்தது. கருவிகள் முதலில் வந்தது பதவி வரிசைப்படி சரிதான் என்று அழகுசுந்தரம் ஏற்றுக்கொண்டார். ஈஸ்வரிதான் ஒரு வாரம் களி கிண்டவில்லை.

தை மாதம் ஊர்க்கூட்டம். போன வருடப் புரவியெடுப்பில் வலது தண்டு நடுவழியில் படீரென்று விரிசல் விட்டிருந்தது. புதுத் தண்டுக்கு அந்த நீளத்தில் வேங்கை கிடைக்கவில்லை என்று ஆசாரி கையை விரித்துவிட்டார். அழகுசுந்தரம் எழுந்தார். தோளின் ஞாபகம் நெஞ்சில் குத்த, விஞ்ஞானத்தின் பெயரால் பேசினார்.

"அலுமினியத்துல வாத்துருவோம். சட்டம் முழுக்க எண்பது கிலோதான் வரும். மரத்தைவிட உறுதி. நான் பொறுப்பு."

"அண்ணே!" முத்தரசின் குரல் பின்னாலிருந்து வந்தது. எப்போதும் போல. "இட்லிக் கொப்பரையில வச்சா சாமியத் தூக்கிட்டுப் போகச் சொல்லுறீக?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஏரோப்ளேனே அலுமினியந்தான்டா."

"அப்பச் சரி. அய்யனாரு பறந்தே போயிருவாரு. தோளுக்கு வேலையே இல்ல."

"வெறும் அலுமினியம் இல்ல. உள்ள கல்லுநூலு இருக்கு, உமிச்சாம்பல் இருக்கு. அது ரெண்டும் சேந்தா வளையாது."

உமிச்சாம்பல் என்றதும் ஆலைக்காரர் சேதுபதி நிமிர்ந்தார். காயப்போட்ட வேட்டியெல்லாம் கறுக்குது என்று ஊரே அவருடைய சாம்பலைத் திட்டித் தீர்த்திருந்த காலம்.

"எங்க மில்லுச் சாம்பலா? சாமிக்கு ஆகுமா அது?"

எல்லோரும் கருத்தையாவைப் பார்த்தார்கள். அவர் அய்யனார் கோவில் சாமியாடி. எழுபதைத் தாண்டியவர். சாமி விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

"சாம்பலுன்னா… விபூதி மாதிரியா?" என்று கேட்டார்.

"வெள்ளை வெளேர்னு இருக்கும்யா. நைசும் அதே நைசு."

"அப்பறம் என்ன? நெத்தியில பூசுறதத் தண்டுல பூசுறோம். வாத்துருங்கடா."

விபூதி நெற்றியில் வெளியே பூசப்படுவது, சாம்பல் உலோகத்தின் உள்ளே இருந்து சுமை தாங்குவது என்ற வேறுபாட்டை விளக்க வாயெடுத்த அழகுசுந்தரம், அனுமதி கிடைத்தபின் விளக்கம் சொல்கிறவன் மடையன் என்று நிறுத்திக்கொண்டார்.

கல்லூரியில் நாகநாதன் சந்தோஷமாக அடுப்பைத் திறந்துவிட்டார். "இதை நாம 'கிராமப்புறத் தொழில்நுட்பப் பரிமாற்றம்'னு ரிப்போர்ட்ல காட்டிக்கலாம் அழகுசுந்தரம். ஒரு பேனர் மட்டும் அடிச்சிருங்க." பேனர் சட்டத்தைவிட நீளமாக வந்தது.

லாரிப் பட்டறைகளிலிருந்து பழைய பிஸ்டன்கள் சேர்ந்தன. ஒரு வேளைக்கு ஆறு கிலோ உருகும் அடுப்பு. நாலடிக் குழாய்களாகப் பதினான்கு துண்டு வார்த்து, உள்ளே உறை கொடுத்து இணைக்க வேண்டும். நூற்றுக்கு எட்டுப் பங்கு சாம்பல், இரண்டு பங்கு கல்நூல். மூசையை மற்றவர்கள் தூக்கினார்கள்; கிண்டும் விசைக்கும் தூவும் கைக்கும் மட்டும் அழகுசுந்தரம் யாரையும் நம்பவில்லை. இடது கையால் தூவப் பழகிக்கொண்டார். ஒரு துண்டில் ஓட்டை விழுந்தபோது அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தட்டிப் பார்த்துச் சத்தம் சரியில்லை என்று இரண்டு துண்டுகளை மறுபடி உருக்கினார். பன்னிரண்டாவது துண்டிலிருந்து குழாய்களோடு பேசத் தொடங்கியதாகச் சத்தியப்பிரியா சொல்கிறாள்.

சித்திரையில் சோதனை. இரண்டு கான்கிரீட் கட்டைகளில் சட்டத்தைத் தாங்கலாக வைத்து, ஆயிரம் கிலோ சிமெண்டு மூட்டை அடுக்கினார்கள். பழைய வேங்கைத் தண்டு வெறும் குதிரைக்கே இரண்டு விரல் தொய்யும். இது நெல்மணி அளவுதான் தாழ்ந்தது. கணினி வரைபடத்தில் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக ஏறியது.

"சார், இது யாருக்கும் வளையாது!" என்றாள் சத்தியப்பிரியா.

அழகுசுந்தரம் கண் கலங்கினார். எண்பது கிலோ. சொன்ன எடை, சொன்னபடி. இனித் தோளுக்கு முப்பது இல்லை, இருபது. டாக்டர் சொன்னது பத்துதான். மீதிப் பத்தை அய்யனார் பார்த்துக்கொள்வார். அவருக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்க வேண்டாமா?

புரவியெடுப்பு நாள் மந்தையில் கால் வைக்க இடமில்லை. சட்டத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் வண்ணம் அடித்து, மாவிலை கட்டி, அலுமினியம் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆக்கியிருந்தார்கள். வேளார் குதிரைக்குக் கண் திறந்தார். கண் திறந்துவிட்டால் அய்யா குதிரைமேல் ஏறிவிட்டார் என்று அர்த்தம். அதன்பின் குதிரையின் கனம் கூடும். கண் திறக்கும் முன் ஒரு கனம், பின் ஒரு கனம் என்று தூக்கிய தோள்களெல்லாம் சத்தியம் செய்யும். சாமி வந்ததற்கு நெடுங்கண்மாயில் வேறு அத்தாட்சி கேட்கும் பழக்கம் இல்லை.

பதினாறு பேரும் துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டு, குனிந்து, முப்பது கிலோவுக்குப் பழகிய மூச்சை இழுத்து, "அய்யா!" என்று ஒரே தம்மில் எழுந்தார்கள்.

குதிரை எகிறியது.

எகிறியது என்றால் நிஜமாகவே. எதிர்பார்த்த கனம் இல்லாததால் பதினாறு பேரும் தூக்கிய வேகத்தில் தண்டு தோளைவிட்டு ஒரு சாண் மேலே போய்த் திரும்பி வந்தது. கொட்டு நின்றது. குலவை நின்றது. இடது தண்டில் யாரோ, "என்னப்பா, காலி டப்பாவாட்டம் இருக்கு?" என்றார்.

கருத்தையா தடியை ஊன்றிக்கொண்டு வந்து குதிரையின் கண்ணைப் பார்த்தார்.

"இறக்குங்கடா," என்றார். "அய்யா ஏறல."

கூட்டத்தில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். அழகுசுந்தரம் கணக்குப் பார்த்தார். எட்டு மாதம் கிண்டி, நாலு மாதம் வார்த்து, நூற்றைம்பது கிலோ குறைத்து, கடைசியில் அவர் குறைத்தது சாமியை என்று ஆகிவிட்டது. சாமி ஏறாத புரவிக்குக் கொடுத்த தோள், கொடுத்த கணக்கில் சேருமா?

"நான்தான் தையிலயே சொன்னேன்ல," என்றார் முத்தரசு, ஊருக்கே கேட்க. "எங்கண்ணன் விஞ்ஞானத்தக் காட்டிச் சாமிய விரட்டிட்டாரு."

"அய்யா, கனம் குறைஞ்சது சட்டத்துலதான்," என்று அழகுசுந்தரம் கருத்தையாவிடம் மன்றாடினார். "குதிரை அதே குதிரை. நூத்தம்பது கிலோ சட்டத்துல…"

"நூத்தம்பது கிலோ அய்யாவா, சட்டமான்னு தோளுக்கு எப்பிடிடா தெரியும்?" என்றார் கருத்தையா.

ஆலைக்காரர் சேதுபதிக்கு வியாபார புத்தி. "கனம் பத்தலைன்னா வைப்போம்," என்றார். "அன்னதானத்துக்கு அரிசி வந்து கிடக்கு. அய்யாவுக்குப் படைச்ச அரிசிதானே? மேல ஏத்துங்க. வரணும்னா வரட்டும்."

குதிரைக் காலடியில் இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு வைத்துத் தூக்கினார்கள். கருத்தையா தலையை ஆட்டினார். நாலு வைத்தார்கள். "கிட்ட வந்துட்டாக. இன்னும் ஏறல." ஆறாவது மூட்டையில் கருத்தையாவின் உடம்பு ஒரு தரம் உதறியது. "ம்ம்… வந்துட்டாக!" குலவை கண்மாய்வரை கேட்டது.

ஆறு மூட்டை, நூற்றைம்பது கிலோ. அழகுசுந்தரம் குறைத்தது கிராம் சுத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. தோளுக்கு முப்பது. கூட்டத்தில் ஈஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவர் பார்க்காததுபோல் குனிந்து, பல்லைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். "அய்யா!"

எழுந்தார். வலி வரவில்லை.

நாலு எட்டு வைத்தார். வரவில்லை. பக்தர் அழகுசுந்தரத்தின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. அய்யனார் தன் பக்கம் என்று நெஞ்சு விம்மியது. பத்தாவது எட்டில் லேப் அசிஸ்டென்ட் அழகுசுந்தரம் கண்ணைத் திறந்து, தோளை ஓரக்கண்ணால் பார்த்தார். மடித்த துண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய வேங்கைத் தண்டு தொய்ந்து, நாலு விரல் குட்டையான அவருடைய தோளையும் தேடி வந்து உட்காரும். அவர் போடும் தடித்த துண்டு பாதி, மரத்தின் தொய்வு பாதி. இது அவர் வார்த்த தண்டு. யாருக்கும் வளையாது. கான்கிரீட் கட்டை மேல் சோதித்தார்களே தவிர, குட்டையும் நெட்டையுமாக மனிதர்களை நிறுத்திப் பார்க்க ஆராய்ச்சியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படியானால் அவர் பங்குக் கனம் எங்கே போயிற்று?

மெல்லத் திரும்பினார். முத்தரசின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

"டேய் முத்தரசு."

"பேசாம நடங்க."

"கனமாடா?"

"சாமின்னா கனமாத்தான் இருக்கும்."

"சாமி இல்லடா. என் பங்கும் ஒன் மேல இருக்கு. தண்டு வளையல. என் தோளுல படவே இல்ல."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தண்டுக்கும் ஒங்க தோளுக்கும் நடுவுல கண்மாய்க்கரை முழுசும் தெரியுது."

அழகுசுந்தரம் இடுப்பிலிருந்த இன்னொரு துண்டை இடது கையால் உருவி மடிக்கத் தொடங்கினார். அந்த இடைவெளியில் அதைச் செருகினால் கனம் அவரிடம் வந்துவிடும்.

"என்னண்ணே செய்யுறீக?"

"என் பங்க நான் தூக்கணும்ல."

"ஒங்க பங்க மதுரை டாக்டருகிட்ட வச்சுட்டு வந்துட்டீகள்ல. துண்ட இடுப்புல கட்டுங்க."

அழகுசுந்தரம் துண்டை மடிப்பதை நிறுத்தினார். "யாரு சொன்னா? ஈஸ்வரியா?"

"ஒருத்தரும் சொல்லல. ஐப்பசியிலருந்து டீ கிளாஸ இடது கையில பிடிக்கிறீக. மதுரை ஆஸ்பத்திரிக் கவரோட பஸ்ஸுல இடது கையால தொங்குறீக. முப்பது வருசமா வேலை பாத்த கை எது, பாக்காத கை எதுன்னு பங்காளிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டா ஊர்க்கூட்டத்துல அப்பிடி எதுத்த?"

"எதுக்காம?" முத்தரசு மூச்சு வாங்கிக்கொண்டார். "பங்காளின்னா எதுப்பேன்தான். அதுக்காக ஒங்க தோளப் பிச்சுருவேனா?"

வழியெல்லாம் பெண்கள் தூக்குகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஈஸ்வரியும் குடத்தோடு வந்தாள். புருஷன் காலில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் அந்த இரண்டு விரல் வெளிச்சம் பட்டது. அவள் பார்வை பின்னால் முத்தரசின் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. வியர்வை துடைப்பவள்போல் கணவன் தோள் துண்டின் நுனியை இழுத்து, வெளிச்சம் தெரியாமல் தண்டின் மேல் போட்டுவிட்டு, மீதித் தண்ணீர் முழுவதையும் கொழுந்தன் காலில் ஊற்றினாள்.

பாதிவழியில் ஆலமரத்தடியில் கட்டைகளை முட்டுக்கொடுத்து இறக்கி இளைப்பாறுவது வழக்கம். முத்தரசு தரையில் உட்கார்ந்து மோர் குடித்தார். தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அழகுசுந்தரம் அவர் பக்கத்தில் குந்தி, யாருக்கும் கேட்காதபடி, மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"தம்பி, இனி நீ முன்னுக்கு வந்துரு. தூக்குறவனுக்குத்தான் முதல் தோள். நானே கருத்தையாகிட்டச் சொல்லிருறேன்."

முத்தரசு மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். அவர் அப்பா இந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே எண்பத்திரண்டு வயதுவரை உயிரோடு இருந்தவர்.

"நான் முன்னுக்கு வந்தா யாரு பின்னால நடக்குறது?" என்றார். "முப்பது வருசமா ஒங்க வழுக்கையப் பாத்துத்தான் கால் வைக்கிறேன். அது இங்குட்டுச் சாஞ்சா மேடு, அங்குட்டுச் சாஞ்சாப் பள்ளம். அதில்லாம எனக்கு வழி தெரியாது. எந்திரிங்க, கொட்டு அடிக்கிறான்."

"டேய்…"

"எந்திரிங்கண்ணே. தோளக் குடுத்தாப் போதும். கனத்தப் பத்தி ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

அய்யனார் பொழுது சாயுமுன் கோவில் சேர்ந்தார். ஆறு மூட்டையும் சோறாகி ஊர் வயிற்றில் இறங்கியது. சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. அடுத்த வருடமும் இதே சட்டம், இதே ஆறு மூட்டை என்று கருத்தையா உத்தரவு போட்டார். துறைத் தலைவர் நாகநாதன் தொலைபேசியில், "எடை எவ்வளவு மிச்சம் ஆச்சு?" என்று கேட்டதற்கு, "ஊர் சாப்பிட்டிருச்சு சார்," என்று அழகுசுந்தரம் பதில் சொன்னார்.

மறுநாள் புதுவயல் ரோட்டு டீக்கடையில் முத்தரசு சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒரே கதை: அய்யா இந்த வருடம் அவர்மேல்தான் இறங்கினாராம், இரண்டு ஆள் கனமாம், ஆலமரம் வருவதற்குள் உயிர் போய்த் திரும்பியதாம்.

"அளக்காதடா," என்றது கடையில் ஒரு குரல். "ஒனக்கு மட்டும் எப்பிடி ரெண்டாள் கனம்? தண்டு எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

முத்தரசு வாயைத் திறந்தார். பிறகு சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கினார்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அழகுசுந்தரம் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, பரிசோதனை முடிவைப் படிக்கிறவர் தோரணையில் சொன்னார்.

"உண்மைதான்யா. நான் முன்னால நின்னு பாத்தேன். சரியா ரெண்டாள் கனம்."